குறுக்குச்சுற்றும் மின்தடையும்

மின்மூலத்தின் இரு முனைகள், இடையில் இருக்க வேண்டிய கருவியைத் தவிர்த்துவிட்டு, மிகக் குறைந்த மின்தடையுள்ள பாதையால் இணைந்துவிடும் நிலை குறுக்குச்சுற்று எனப்படும். பேச்சுவழக்கில் இது ஷார்ட் சர்க்யூட். கம்பியின் காப்புறை உரிதல், ஈரம், எலிக்கடி, தவறான இணைப்பு ஆகியவை இதன் பொதுவான காரணங்கள். அந்த நொடியில் பாயும் பெரும் மின்னோட்டத்தை விளக்கத் தனி விதி தேவையில்லை. சாதாரண மின்சுற்றுகளுக்குப் பொருந்தும் ஓம் விதியே அதையும் விளக்குகிறது.

மின்தடை

ஜெர்மானிய இயற்பியலாளர் கியார்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில், கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதை நிறுவினார். இதுவே ஓம் விதி. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அதன் அலகுக்கு ஓமின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். பொருளின் தன்மையும் முக்கியம். வீட்டு ஒயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.12 ஓம் தடையே தரும். அதே அளவுள்ள நிக்ரோம் கம்பியின் தடை 7 ஓமைத் தாண்டும். மின்சாரத்தைக் கொண்டுசெல்லச் செம்பும், வெப்பம் உண்டாக்க நிக்ரோமும் தேர்ந்தெடுக்கப்படுவது இதனால்தான். உலோகங்களின் தடை வெப்பத்தோடு உயரும். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பின் தடை சுமார் 880 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

குறுக்குச்சுற்றில் நடப்பது

மின்சாரம் எளிய வழியில் மட்டுமே செல்லும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. இணையாக உள்ள எல்லாப் பாதைகளிலும் மின்னோட்டம் பாயும்; ஒவ்வொன்றின் பங்கும் அதன் தடைக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

1.5 வோல்ட் மின்கலம் ஒன்றின் அகத்தடை 0.3 ஓம் எனவும், அதில் 10 ஓம் பல்பு இணைக்கப்பட்டுள்ளது எனவும் கொள்வோம். மொத்தத் தடை 10.3 ஓம், மின்னோட்டம் சுமார் 0.15 ஆம்பியர். இப்போது பல்பின் இரு முனைகளையும் 0.05 ஓம் கம்பியால் இணைத்தால் மொத்தத் தடை 0.35 ஓமாகச் சுருங்கி, மின்னோட்டம் 4.3 ஆம்பியராக எகிறும். மின்னழுத்தத்தின் பெரும்பகுதி மின்கலத்தின் அகத்தடையிலேயே செலவாகிவிடுவதால் வெளிமுனைகளில் 0.2 வோல்ட் அளவே மிஞ்சும். பல்பில் 0.02 ஆம்பியர் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். ஒளிர அது போதாது. வெப்பத்தின் பெரும்பகுதி மின்கலத்துக்குள்ளேயே உருவாகும். மின்கலத்தைக் கம்பியால் நேரடியாக இணைத்தால் அது சுடுவது இதனால்தான்.

வீட்டு மின்னிணைப்பில்

1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை 230 வோல்ட்டில் சுமார் 53 ஓம், அது 4.3 ஆம்பியர் இழுக்கும். 10 மீட்டர் தொலைவில் ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், போய்வரும் 20 மீட்டர் செம்புக் கம்பியின் 0.24 ஓம் மட்டுமே வீட்டுக்குள் எஞ்சும். அதை மட்டும் கொண்டு கணக்கிட்டால் சுமார் 960 ஆம்பியர் வரும். டிரான்ஸ்ஃபார்மரும் தெருக் கம்பிகளும் தரும் தடை அதைக் குறைக்கும். ஆனாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும்.

மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பம் அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841இல் வெளியிட்டார். மின்னோட்டம் 100 மடங்கானால் கம்பியில் வெப்பம் 10,000 மடங்காகும். காப்புறை உருகித் தீப்பிடிக்க நொடிகள் போதும்.

பாதுகாப்பு

தாமஸ் எடிசன் 1880இல் காப்புரிமை பெற்ற ஃபியூஸ், சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்படும் மெல்லிய கம்பி. மின்னோட்டம் மிகும்போது அது முதலில் உருகி மற்றவற்றைக் காக்கும். உருகிய ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினால், அடுத்த முறை உருகுவது சுவருக்குள் இருக்கும் ஒயராகிவிடும். இது மிகவும் ஆபத்தான பழக்கம்.

இன்று ஃபியூஸின் இடத்தில், மின்னோட்டம் மிகுந்தால் தானாகச் சுற்றைத் துண்டிக்கும் எம்.சி.பி. என்ற சுவிட்ச் பரவலாகியுள்ளது. அதற்குள் இரண்டு அமைப்புகள் உண்டு. மிதமான மிகைச்சுமை நீடித்தால் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். குறுக்குச்சுற்றின்போது மின்காந்தச் சுருள் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கும். ‘சி’ வகை எம்.சி.பி.யில் இந்தச் சுருள், குறித்த அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்தில் இயங்கும். உலோக உடலுள்ள கருவிகளின் எர்த் கம்பிக்குக் குறைந்த தடை இருக்க வேண்டியதும் இதற்காகவே. ஃபேஸ் கம்பி கருவியின் உடலைத் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து எம்.சி.பி. விழ வேண்டும், எர்த்தின் தடை மிகுந்தால் அது விழாது, கருவியின் உடலிலும் மின்னழுத்தம் நீடிக்கும்.

தளர்ந்த இணைப்பு

எம்.சி.பி.யின் கண்ணுக்குத் தப்பும் ஆபத்தும் உண்டு. பிளக், ஸ்விட்ச், ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவற்றில் திருகு தளர்ந்து 0.5 ஓம் தடை உருவானால், 10 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம் எழும். மொத்த மின்னோட்டம் கூடாததால் ஃபியூஸோ எம்.சி.பி.யோ துண்டிக்காது. சூடாகும் பிளக், கருகும் சாக்கெட், காப்புறை தீயும் வாடை ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

சோதனையும் பயனும்

குறுக்குச்சுற்றைக் கண்டறிய, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, கருவிகளைக் கழற்றிய பிறகு மல்ட்டிமீட்டரின் ஓம் அளவீட்டைப் பயன்படுத்தலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுழியத்தை ஒட்டிய எண் தெரிந்தால் கோளாறு உறுதி. அம்மீட்டரை மின்மூலத்துக்கு நேர் குறுக்கே இணைக்கக் கூடாது. அதன் தடை மிகக் குறைவு என்பதால் அந்த இணைப்பே குறுக்குச்சுற்றாகிவிடும்.

கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் குறுக்குச்சுற்றுக்குப் பயனும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கச் சுருளைக் குறுக்கே இணைத்து, மறுபக்கத்தில் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, சுருள்களில் வெப்பமாக வீணாகும் திறனை அளப்பது பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமான சோதனை.