மெனுவுக்குள் வந்த திரையரங்கு

ஹோம் தியேட்டர் ரிசீவரில் ஸ்பீக்கர் செட்டிங்ஸ் பகுதியைத் திறந்தால், எந்தக் கம்பெனியின் கருவியானாலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான் வரும். ஸ்பீக்கர் பெரியதா, சிறியதா? எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும்? உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை மீட்டர்? ஒவ்வொன்றையும் எத்தனை டெசிபல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்? பழைய ஸ்டீரியோ செட்டுக்கு பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று மூன்று குமிழ்கள் போதுமாக இருந்தன. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பதில் தவறில்லை. பல ஸ்பீக்கர் ஒலி வீட்டுக்குள் ஒருமுறை வந்து தோற்றது, மறுமுறை வந்து நிலைத்தது. இரண்டாம் முறை நிலைத்ததற்கு முக்கியக் காரணம், திரையரங்க டெக்னீஷியன் செய்துவந்த அளவெடுக்கும் வேலை இந்த மெனுவின் உருவில் கூடவே வந்ததுதான் என்பது என் வாதம்.

பல ஸ்பீக்கர் ஒலி தொடக்கத்திலிருந்தே பெரிய கூடத்தின் பிரச்சினை. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு வாசித்ததைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனிலிருந்த ஓர் அரங்குக்கு அனுப்பிக் காட்டியபோது, இடம், நடு, வலம் என மூன்று தடங்களை வைத்தார்கள். ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கும் மேடையின் நடுவிலிருந்து வரும் ஒலி நடுவிலிருந்தே வரவேண்டுமே! 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேஸியா' இந்த வழியில் இன்னும் முன்னேறி, பார்வையாளரைச் சூழும் ஒலியைக் காட்டியது. அதற்கான கருவிகளைப் பொருத்த விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளாலேயே முடிந்தது. 1953இல் சினிமாஸ்கோப் வந்தபோது திரைக்குப் பின்னால் மூன்று, அரங்கச் சுவர்களுக்கு ஒன்று என நான்கு காந்தத் தடங்கள். வீட்டுக்கு மட்டும் 1950களின் இறுதியில் இரண்டு தடங்களே கிடைத்தன. காதுக்கு இரண்டு போதும் என்று யாரும் முடிவுகட்டியதால் அல்ல. இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டே சுவர்கள், ஒரு சுவருக்கு ஒரு தடம். அந்த இரண்டை எப்படி வைத்தாலும் ஓரளவு கேட்கும்படி இருந்ததால், அளவெடுக்கும் வழக்கம் வீடுகளில் உருவாகவே இல்லை.

அளவெடுக்காத அந்தப் பழக்கத்தோடுதான் 1970களின் தொடக்கத்தில் குவாட்ரஃபோனிக் என்னும் நான்கு ஸ்பீக்கர் முறை வீட்டுக்கு வந்தது. சிபிஎஸ்ஸின் எஸ்க்யூ, சான்சுயியின் க்யூஎஸ், ஜேவிசியின் சிடி-4 என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று தட்டு முறைகள். சில ஆண்டுகளிலேயே சந்தை படுத்துவிட்டது. முறைகளின் சண்டையே அதைக் கொன்றது என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் 1990களில் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் அதே மாதிரி மோதின. ஒன்றின் தடத்தை மற்றதன் டீகோடர் படிக்காது. வீட்டுச் சரவுண்ட் சாகவில்லையே, ஏன்? இரண்டும் அதே ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர், அதே இடங்கள், அதே அளவுகள் என்ற ஏற்பாட்டின் மேல் நின்றன. அதனால் ஒரே ரிசீவர் இரண்டையும் வாசித்தது. குவாட்ரஃபோனிக்கில் பின் ஸ்பீக்கர் எதற்கு என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. சிலர் கேட்பவரை வாத்தியக் குழுவின் நடுவில் உட்காரவைத்தார்கள். சிலர் பின்னால் கூடத்தின் எதிரொலியை மட்டும் விட்டார்கள். எந்த அளவில் கேட்டால் பதிவு செய்தவர் கேட்டது கேட்கும் என்று சொல்ல ஆளில்லை.

சினிமாவில் அதைச் சொல்ல ஆள் இருந்தார். 1970களின் நடுவில் டால்பி ஸ்டீரியோ வந்தபோது, ஃபிலிம் ஓரத்தின் இரண்டு ஒளித்தடங்களுக்குள் நான்கு தடங்களை மடித்து வைத்தார்கள். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' அதை ஊரறியச் செய்தது. தமிழுக்கு டால்பி ஸ்டீரியோ 1995இல் 'குருதிப்புனல்' வழியாக வந்தது. நான்கு தடம் என்பதைவிட, கூடவே வந்த ஒழுங்குதான் பெரிய விஷயம் என்பேன். டெக்னீஷியன் இருக்கைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்துவார். இரைச்சல் போன்ற பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்குக் கொண்டுவருவார். படத்தின் ஒலியைக் கலந்த ஸ்டுடியோவும் அதே அளவுக்குத்தான் சீர்செய்யப்பட்டிருக்கும். கலந்தவர் கேட்டதும் கடைசி வரிசை ரசிகர் கேட்பதும் ஓரளவாவது ஒன்றாக இருப்பது இதனால்தான்.

1982இல் டால்பி சரவுண்ட் வீடியோ கேசட் வழியாக வீட்டுக்கு வந்தது. 1987இல் வந்த புரோ லாஜிக் நடு ஸ்பீக்கரையும் சேர்த்தது. சோதனை ஒலியும் கூடவே வந்தது: பொத்தானை அழுத்தினால் இரைச்சல் இடம், நடு, வலம், பின் என்று சுற்றிவரும், சமமாகக் கேட்கும்வரை அளவை மாற்றலாம். தாமதம் என்ற வரியும் அப்போது வந்ததுதான். மடித்து வைத்த தடங்களைப் பிரிக்கும்போது முன்புற வசனத்தில் கொஞ்சம் பின் ஸ்பீக்கருக்குக் கசியும். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், முதலில் எட்டியது எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே எல்லாம் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து எழுதியிருந்தார். அதை நம்பிப் பின் ஸ்பீக்கரை 20 மில்லி விநாடி போலத் தாமதப்படுத்தினார்கள். கசிவு காதில் படவில்லை. டிஜிட்டல் தடங்கள் தனித்தனியாக வந்தபின் கசிவே இல்லை. தாமதம் மட்டும் வேறு வேலைக்குப் போனது: எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் வந்துசேர வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 செ.மீ. போகும் என்பதால் கணக்கைக் கருவியிடம் விட்டுவிட்டு, மெனு நம்மிடம் தூரத்தை மட்டும் கேட்கத் தொடங்கியது.

'பெரியது, சிறியது' என்ற வரிதான் அதிகம் குழப்புவது. இதன் வேர் 70 எம்எம் பிரிண்டில் இருக்கிறது. அதன் ஆறு தடங்களில் திரைக்குப் பின்னுள்ள இரண்டை, 1977 வாக்கில், வெடி, உறுமல் போன்ற அடித்தள ஒலிக்கு ஒதுக்கினார்கள். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் ஏற்பாட்டைக் குறிக்கும் 5.1இல் புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று அதன் வாரிசு. லூகாஸ் ஃபிலிமில் டிஹெச்எக்ஸ் என்னும் திரையரங்க ஒலித் தரமுறையை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன் அந்த முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, 80 ஹெர்ட்ஸில் கோடு கிழித்தார்கள். அதற்குக் கீழுள்ள ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அதை ஒரே சப்வூஃபரிடம் விட்டால் மற்ற ஸ்பீக்கர்கள் அடக்கமாக இருக்கலாம். ஆக, 'சிறியது' என்றால் பெட்டியின் உருவம் அல்ல, பேஸைக் கைமாற்றிவிடு என்ற கட்டளை. ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியவர் அந்த வரியை அவமானமாக எடுத்துக்கொள்வது வீண்.

அரங்கத்தின் அளவுகோல் வீட்டுக்கு எதற்கு, அவரவர் ரசனை என்ன ஆவது என்று கேட்கலாம். பாதி நியாயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அரங்க அளவு ஒலியைத் தாங்க முடியாது. பெரிய கூடத்துக்காகக் கலந்த ஒலி சின்ன அறையில் கீச்சென்று கேட்கும் என்று டிஹெச்எக்ஸே தன் வீட்டு ரிசீவர்களில் மேல்சுரத்தைக் குறைக்கும் வசதி வைத்தது. ஆனால் ரசனைக்கு வால்யூம் குமிழ் இருக்கிறது. ஸ்பீக்கர்களுக்குள் ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தைக் கெடுத்துவிட்டு, வசனம் கேட்கவில்லை, சண்டைக் காட்சியில் காது கிழிகிறது என்று படத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. இன்னொரு மறுப்பு: 2000களின் தொடக்கம் முதல் ரிசீவரோடு மைக்கும் வருகிறதே, ஆடிஸி, யமஹாவின் ஒய்பிஏஓ போன்றவை தாமே அளந்துகொள்கின்றனவே? அளக்கின்றன, ஆனால் நிரப்புவது அதே பழைய வரிகளைத்தான். டெக்னீஷியனின் மைக் நம் சோபாவுக்கு வந்திருக்கிறது. டெக்னீஷியனின் தீர்ப்பு வரவில்லை. கொஞ்சம் பேஸ் வந்தாலே முன் ஸ்பீக்கரைப் 'பெரியது' என்று குறித்துவிடும் வழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. ஆகவே மைக் வேலையை முடித்ததும் மெனுவை ஒருமுறை திறந்து பாருங்கள். 'பெரியது' என்றிருந்தால் 'சிறியது' ஆக்கி 80இல் வையுங்கள். முன், நடு, பின் ஸ்பீக்கர்களின் தூரம் டேப்பால் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். வசனம் இன்னும் மங்கலாக இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் ஓரிரு டெசிபல் ஏற்றுங்கள்.