இரண்டு எழுத்தில் ஒரு மொழி

இணையதளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். பக்கம் உங்கள் மொழியிலேயே தோன்றுகிறது. உங்கள் மொழி இன்னதென்று எங்கோ இருக்கும் கணிப்பொறிக்கு எவ்வாறு தெரிந்தது?

நீங்கள் பயன்படுத்தும் உலாவிதான் அதைச் சொல்கிறது. பக்கத்தைக் கேட்கும்போதே, விரும்பும் மொழிகளின் பட்டியலையும் அது உடன் அனுப்புகிறது. அப்பட்டியலில் மொழியின் பெயர் முழுமையாக இராது. ஆங்கில எழுத்துகளாலான சிறு குறியீடே இருக்கும். தமிழுக்கு ‘டி-ஏ’ என்பது அக்குறியீடு.

இத்தகைய இரண்டெழுத்துக் குறியீடுகளை ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு 1988-இல் வெளியிட்டது. மறு ஆண்டிலேயே அவற்றுள் சில மாற்றப்பட்டன. இந்தோனேசிய மொழிக்கு இருந்த ‘ஐ-என்’ என்பது ‘ஐ-டி’ ஆயிற்று. ஹீப்ரு மொழியின் குறியீடும் மாறியது.

1997-இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பில், பயனரின் மொழியையும் நாட்டையும் குறிக்க ‘லோகேல்’ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. விந்தை என்னவெனில், அது பழைய குறியீடுகளையே பின்பற்றியது. ‘ஐ-டி’ என்று கொடுத்தாலும், உள்ளே அதை ‘ஐ-என்’ என்று மாற்றி வைத்துக்கொண்டது!

இதனால் என்ன கேடு என்கிறீர்களா? ஜாவாவில் ஒவ்வொரு மொழிக்குரிய வாசகங்களும் தனித்தனிக் கோப்பில் இருக்கும். கோப்பின் பெயரிலேயே மொழிக் குறியீடும் இடம்பெறும். நிரல் எழுதியவர் ‘ஐ-டி’ என்று கோப்புக்குப் பெயரிடுவார். ஜாவாவோ ‘ஐ-என்’ கோப்பைத் தேடும். அது கிடைக்காதபோது, பொதுவாக வைக்கப்பட்ட வேறொரு மொழியின் கோப்பை எடுத்துக்கொள்ளும். பிழை நேர்ந்ததாக எந்த அறிவிப்பும் வராது. தம் மொழியைச் சரியாகவே தேர்ந்த இந்தோனேசியர், வேற்று மொழிப் பக்கத்தைக் கண்டு திகைப்பார்.

ஏற்கெனவே இயங்கிவந்த நிரல்கள் பழுதாகிவிடக் கூடாதே என்பதால் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2021-இல் வெளியான ஜாவா 17-இல்தான் புதிய குறியீடுகள் இயல்பாயின. 1989-இல் செய்த திருத்தம் ஜாவாவை வந்தடைய 32 ஆண்டுகள் பிடித்தன!

உலாவி அனுப்பும் பட்டியலும் ஒரு குறிப்பே. முடிவான விருப்பம் அன்று. பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் அப்பட்டியலை அமைத்தவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம் அல்லவா? ஆகவே நல்ல இணையதளம், மொழியை மாற்றும் வசதியைப் பக்கத்திலேயே தர வேண்டும். மொழிப் பெயர்களை அந்தந்த மொழியின் எழுத்திலேயே காட்டி, நீங்கள் தேர்ந்ததை நினைவில் வைத்து, அடுத்த பக்கத்திலும் அதையே பின்பற்ற வேண்டும்.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களே! ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து நிறைவடையாதீர்கள். நீங்கள் வழங்கும் ஒவ்வொரு மொழியையும் தேர்ந்து, பக்கத்தைத் திறந்து பாருங்கள்.