செலவாகாத காசு

அலுமினியத்தை விட லேசான காசு அது. நிறம் கரும்பழுப்பு. அதில் ஜெர்மானிய மாநிலமான சாக்சனியின் பெயர், 1921 என்ற ஆண்டு, குறுக்காக வைத்த இரண்டு வாள்கள். மேசையில் போட்டால் வெள்ளிக்காசின் நீண்ட ரீங்காரம் எழாது, ‘டிக்’ என்று ஒரே ஒலியோடு அடங்கிவிடும். நகத்தால் கீறினால் கீறல் விழாது, ஆனால் கல் தரையில் தவறவிட்டால் விளிம்பு தெறிக்கும். ஜெர்மனியில் முதல் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சுட்ட மண்ணால் செய்த இத்தகைய நாணயங்கள் நிஜமாகவே பணமாக வெளியிடப்பட்டன. இவற்றைச் சேகரிப்பதற்கென்றே இன்றும் ஒரு கூட்டம் உண்டு. சொல்லப்போனால், வெளிவந்த நாளிலேயே அந்தக் கூட்டம் கடைவாசலில் காத்திருந்தது.

மண்ணில் காசு செய்யும் நிலைமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் ஜெர்மானியர்கள் முதலில் தங்கத்தையும் அடுத்து வெள்ளியையும் பதுக்கினார்கள். செம்பும் நிக்கலும் ஆயுத ஆலைகளுக்குத் தேவைப்பட்டதால், புழக்கத்தில் இருந்த சில்லறையை அரசே திரும்ப வாங்கியது. மாற்றாக 1915 முதல் இரும்புக் காசுகளும், பின்னர் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் அடித்த காசுகளும் வந்தன. எதுவும் போதவில்லை. ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறை கொடுக்க வழியில்லாத நிலையில் நகராட்சிகள், மாவட்ட நிர்வாகங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் ஆளுக்கொரு பணத்தை அச்சடிக்கத் தொடங்கின. இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ‘நோட்கெல்ட்’, அதாவது அவசரகாலப் பணம்.

பெரும்பகுதி காகிதம்தான். ஆனாலும் ஊருக்கு ஊர் கைவசம் இருந்த சரக்கெல்லாம் பணமானது. துணி ஆலைகள் நிறைந்த பீலஃபெல்ட் நகரின் சேமிப்பு வங்கி பட்டிலும் வெல்வெட்டிலும் பண நோட்டு அச்சிட்டது. தோல் தொழில் நடந்த ஊர்களில் தோல் துண்டுகளில் தொகையைப் பொறித்தார்கள். தபால்தலையைச் சிறு உலோகச் சிமிழில் அடைத்துச் சில்லறையாகக் கொடுத்த வியாபாரிகளும் உண்டு. சாக்சனியின் கைவசம் இருந்ததோ மைசென்.

எல்பே நதிக்கரையில் உள்ள மைசென் நகரின் பீங்கான் ஆலை 1710இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் சீனப் பீங்கானுக்கு இணையான கெட்டிப் பீங்கானைச் செய்த முதல் ஆலை அதுவே. அதன் பூர்வகதையே பணத்தாசையில்தான் தொடங்குகிறது. ஈயத்தையும் செம்பையும் தங்கமாக்கிக் காட்டுவதாகப் பேர் வாங்கியிருந்த யோஹான் ஃபிரீட்ரிஷ் போட்கர் என்ற இளைஞர் 1701இல் பிரஷ்யாவிலிருந்து தப்பி சாக்சனிக்கு வந்தார். அங்கே ஆண்ட பலவான் அகஸ்டஸ் அவரைப் பிடித்து அடைத்துவைத்து, தங்கம் செய்துகொடு என்றார். தங்கம் வரவில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து போட்கர் செய்த சோதனைகளில் முதலில் கிடைத்தது, கல்லைப் போல இறுகிய செம்பழுப்புச் சுடுமண். வெள்ளைப் பீங்கான் 1708 வாக்கில் கைகூடியது. அந்தப் பழுப்புப் பொருளுக்குப் போட்கரின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் வெள்ளைப் பீங்கான் சந்தைக்கு வந்தபின் அதைச் சீண்டுவாரில்லை.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு மறுவாழ்வு. 1918 நவம்பர் புரட்சியில் சாக்சனி மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் அகஸ்ட் முடிதுறந்தார், மன்னரின் ஆலை குடியரசின் ஆலையானது. அப்போது நிர்வாகத்துக்கு வந்த மாக்ஸ் அடால்ஃப் ஃபைஃபர் புதிய சிற்பிகளை அழைத்து, பழுப்புச் சுடுமண்ணையும் மீண்டும் சூளைக்குக் கொண்டுவந்தார். 1920, 1921 ஆண்டுகள் பொறித்த சாக்சனி நாணயங்கள் அந்த மண்ணில்தான் பிறந்தன. பிஃபென்னிக் சில்லறையில் தொடங்கி 20 மார்க் வரை வரிசையாக வந்தன. மைசென்காரரான பவுல் பியோர்னர் என்ற சிற்பிக்கு இந்த நாணய வேலையில் பெரும்பங்கு உண்டு. எல்லாவற்றிலும் ஆலையின் முத்திரையான குறுக்கு வாள்கள் இருந்தன. சாக்சனி ஆட்சியாளர்களின் அரச சின்னத்திலிருந்து 1720களில் எடுத்துக்கொண்ட முத்திரை அது. மன்னர் போன பிறகும் வாள்கள் போகவில்லை.

20 மார்க் என்ற தொகைதான் இதில் வேடிக்கை. 1914 வரை 20 மார்க் என்றால் தங்கக்காசு. ஏறக்குறைய 8 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு சுத்தத் தங்கம், சாக்சனியில் அடித்ததென்றால் மன்னரின் முகம் வேறு. ஏழே ஆண்டுகளில் அதே தொகை மண்ணில் வந்து நின்றது. தங்கம் செய்யச் சொல்லிப் பிடித்துவைத்த ஆள் கண்டுபிடித்த மண், தங்கத்தின் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கதாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று ஒதுக்கியிருப்போம்.

மண் காசுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. துருப்பிடிக்காது, கறை ஏறாது. கள்ளக்காசு அடிப்பதும் லேசில்லை, காரணம் சூளை. களிமண் காய்ந்து வேகும்போது சுருங்கும். மைசென் பீங்கான் சுமார் ஆறில் ஒரு பங்கு சுருங்குவதாகக் கணக்கு. ஆகவே அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டவேண்டும். நல்ல காசு ஒன்றைப் பார்த்து அச்செடுத்து மண்ணை அழுத்திச் சுட்டால் கிடைப்பது ஒரு சுற்று சிறுத்த காசு. அளவுகோல் வைத்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளைப் பீங்கானுக்குச் சூளை வெப்பம் 1,400 டிகிரியை எட்டவேண்டும் என்பதால் வீட்டுக் கொல்லையில் இந்த வேலை நடக்காது. ஒரே குறை உடையும் என்பதுதான். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிப் பழகிய உலகத்தில் அது சின்னக் குறையும் அல்ல.

சாக்சனியைப் பார்த்து மற்ற ஊர்களும் வரிசையில் நின்றன. சுரங்க நகரமான ஃபிரைபெர்க், எல்பே கரையிலேயே உள்ள க்ரோபா, ஐசனாக், க்வெட்லின்புர்க், குபென், சிலேசியாவில் மூன்ஸ்டர்பெர்க் என்று பட்டியல் நீளும். வடகடலில் ஃபோர் தீவில் உள்ள போல்டிக்சும் என்ற கிராமத்தின் பெயரில்கூடப் பீங்கான் காசு உண்டு. ஒரு தீவுக் கிராமத்துக்கு அப்படி என்ன சில்லறைத் தட்டுப்பாடு என்று கேட்கத் தோன்றும். கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

1921 வாக்கில் நோட்கெல்ட் சேகரிப்பு ஜெர்மனியில் ஒரு பித்தாகவே பரவியிருந்தது. ஊர்கள் தங்கள் கோட்டையையும் தேவாலயத்தையும் பழங்கதைகளையும் வண்ணத்தில் அச்சிட்டு, வரிசை வரிசையாக நோட்டுகளை வெளியிட்டன. சேகரிப்பாளர்களுக்கென ஆல்பங்கள் விற்றன, பத்திரிகைகள் நடந்தன. வெளியாகும்போதே செல்லுபடியாகும் தேதி முடிந்துபோயிருந்த நோட்டுகளும் அவற்றில் உண்டு. கணக்கு மிக எளிது. நகராட்சி ஒரு மார்க் காசை ஒரு மார்க்குக்கு விற்கிறது. அது கடைக்குப் போய்ச் சுற்றி மீண்டும் கஜானாவுக்கு வந்தால் ஒரு மார்க் திருப்பித் தரவேண்டும். பெட்டிக்குள் போய்விட்டால்? செய்கூலி போக மிச்சமெல்லாம் ஊருக்கு லாபம். செலவழிக்க மனம் வராத அளவுக்கு அழகாகச் செய்துவிட்டால் பணம் திரும்பி வரவே வராது. அந்த அழகைச் செய்துகொடுக்க மைசெனை விட்டால் யார்?

அதனால்தான் பழுப்புக் காசுகளோடு வெள்ளைப் பீங்கானிலும் பிரதிகள் வந்தன, சிலவற்றின் விளிம்பில் தங்கப் பூச்சும் ஏறியது. மீதிச் சில்லறையாகக் கொடுக்கும் காசுக்கு யாரும் தங்கப் பூச்சு பூசுவதில்லை. மொத்தத்தில் பார்த்தால் இவை அவசரகாலப் பணம் என்ற வேடத்தில் வந்த நினைவுப் பொருட்கள். இதை ஏமாற்று என்று சொல்லவும் மனம் வரவில்லை. போரில் தோற்று, கஜானா காலியாகி நின்ற ஊர்களுக்கு, கேட்காமல் தேடி வந்த வருமானம் அது. வாங்கியவர்களும் தெரிந்தே வாங்கினார்கள்.

இந்த விளையாட்டை முடித்துவைத்தவை சட்டமும் விலைவாசியும். 1922 ஜூலையில் பெர்லின் அரசு அனுமதியற்ற நோட்கெல்ட்டுக்குத் தடை போட்டது. தடை இல்லாவிட்டாலும் மண் காசு பிழைத்திருக்காது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1922 ஜனவரியில் 200 மார்க்கை நெருங்கியது. 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க்! ஒரு ரொட்டியின் விலை 20,000 கோடி மார்க் வரை போனது. அந்த நிலையில் அச்சு வெட்டி, காயவைத்து, சூளையில் வேகவைத்துக் காசு செய்ய நேரம் ஏது? காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து விடவே நேரம் போதவில்லை.

மைசென் ஆலை அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. காசு செய்து பழகிய கை பதக்கங்களில் இறங்கியது. நகர விழாக்கள், நிதி திரட்டல்கள், ஆண்டு நிறைவுகள் என எதற்கும் ஒரு பீங்கான் பதக்கம். பியோர்னர் பெரிய வேலைகளுக்குப் போனார். மைசென் நிக்கோலாய் தேவாலயத்தில் போரில் மாண்டவர்களுக்கான நினைவிடத்தில் ஆளுயரத்தை மிஞ்சும் பீங்கான் உருவங்களைச் செய்தார். நகரின் ஆயிரமாவது ஆண்டான 1929இல் அங்குள்ள ஃபிரவன் தேவாலயக் கோபுரத்தில் தொங்கிய பீங்கான் மணிகளும் அவர் கைவேலையே. பதக்க வேலை மட்டும் நிற்கவில்லை. கிழக்கு ஜெர்மனிக் காலத்திலும் மைசென் விதவிதமான பதக்கங்களைச் சுட்டுத் தள்ளியது.

இன்றைய சேகரிப்பாளருக்குத் தலைவலியே அங்குதான். பழுப்பு வட்டம், குறுக்கு வாள், ஜெர்மன் எழுத்து என்று பார்ப்பதற்கு எல்லாம் ஒரே சாயல். தொகை பொறித்திருக்கிறதா, ஆண்டு 1920, 21 வாக்கில் இருக்கிறதா என்று பார்த்தால்தான் பணம் எது, பதக்கம் எது என்று பிரிக்கமுடியும். இந்தக் காட்டில் பாதை போட்டவர் கார்ல் ஷொய்க். பீங்கானிலும் சுடுமண்ணிலும் வந்த நாணயங்களுக்கு அவர் தொகுத்த பட்டியலின் எண்களைத்தான் இன்றும் ஏல நிறுவனங்கள் காசுக்கு அருகே போடுகின்றன.

விலையைக் கேட்டால் புதியவர்கள் சந்தேகப்படுவார்கள். நூறாண்டு பழமை, மைசென் முத்திரை, அப்படியிருந்தும் சாதாரணப் பழுப்புச் சில்லறைகள் சில யூரோக்களுக்கே கிடைக்கும். எல்லோரும் அன்றே பத்திரப்படுத்திவிட்டதால் ஏராளமானவை மழுங்காமல், உடையாமல் மிஞ்சியிருக்கின்றன. விலை ஏறுவது வெள்ளைப் பிரதிகளுக்கும் தங்க விளிம்புக்கும் சோதனை வார்ப்புகளுக்கும்தான். விளிம்பில் ஒரு தெறிப்பு இருந்தால் விலை சரிந்துவிடும். அந்தத் தெறிப்பு விழுந்தது 1921இல் ஏதோ ஒரு கடையின் கல்லாவிலா, போன வருடம் அஞ்சல் உறைக்குள்ளா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. ஆனால் கல்லாவில் விழுந்ததென்றால், பணமாகவே வாழ்ந்த மிகச் சில காசுகளில் அதுவும் ஒன்று.