மாடியறைக்கு மேலே
திருவல்லிக்கேணியில் தாத்தா வீட்டு மாடியறையில் சித்திரைப் பகலிலும் படுக்கலாம். காரணம், மேலே இருந்த மெட்ராஸ் டெரஸ் என்னும் கூரைத்தளம். தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திக் கோணவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் சுமார் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள்.

கனத்த தளம் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். ராத்திரி அந்தச் சூடு அறைக்குள் இறங்கும்போது நாங்கள் பாயோடு மொட்டைமாடியில் இருப்போம்.

பிறகு கான்கிரீட் வந்தது. வேகம், உறுதி எல்லாம் சரி. ஆனால் ஓடு பதிக்காத மெல்லிய தளம் சாயங்காலமே அடுப்பாகிவிடுகிறது. அதனால் பழைய தளம் ஒழுகினால் உடனே இடித்துவிடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை முதலில் தேடுங்கள்.