இங்கிலாந்தின் வயது வந்தோர் கல்வி: வசிப்பிடச் சான்றும் நிதித் தகுதியும்

இங்கிலாந்தில் 19 வயது நிரம்பியவர்கள் அரசுப் பணத்தில் படிக்கச் சேரும்போது இரண்டு கேள்விகளுக்குக் காகிதத்தோடு பதில் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எந்த உரிமையில், எத்தனை காலமாக வசிக்கிறீர்கள் என்பது முதற்கேள்வி. வேலை, வருமானம், முன்படிப்பு ஆகியவற்றில் உங்கள் நிலை என்ன என்பது அடுத்தது. முதற்கேள்வியில் தேறாதவருக்கு அரசுப் பணம் ஒரு பென்னி கூடக் கிடையாது. அதில் தேறியவருக்குப் படிப்பு முழுக்க இலவசமா, பாதிக் கட்டணமா, கடனா என்பதை இரண்டாவது கேள்வி முடிவு செய்கிறது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தப் பணம் நெடுங்காலம் ‘வயது வந்தோர் கல்வி நிதி ஒதுக்கீடு’ என்ற பெயரில் வழங்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 1 முதல் அதன் இடத்தில் ‘வயது வந்தோர் திறன் நிதியம்’ வந்தது. நிதியாண்டு ஆகஸ்டு 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடியும். அந்த ஆண்டின் ஆகஸ்டு 31 அன்று 19 வயது ஆகியிருந்தால் போதும். 2019 ஆகஸ்டு முதல் நிதியின் ஒரு பகுதி லண்டன் மேயரின் நிர்வாகத்துக்கும், மான்செஸ்டர், பர்மிங்காம், லிவர்பூல் வட்டாரங்கள் போன்ற மேயர் ஆட்சிப் பகுதிகளுக்கும் கைமாறியது. ஆகவே, சேருபவருடைய வீட்டு அஞ்சல் குறியீடு வெறும் முகவரிக்கானதன்று. எந்த அதிகார அமைப்பின் கஜானாவிலிருந்து பணம் வரும், எந்த விதிநூல் செல்லும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் வகுப்புக்கு, அடுத்த தெருக்காரர் பணம் கட்ட நேர்வதும் உண்டு.

மூன்றாண்டு விதி

அடிப்படை விதி சுருக்கமானது. படிப்பின் முதல் நாளன்று, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாவது ஐக்கிய இராச்சியத்தில் வழமையாக வசித்திருக்க வேண்டும். இங்கே வாழ்வதற்குச் சட்டப்படியான உரிமையோ அனுமதியோ இருக்க வேண்டும். அந்த அனுமதி படிப்புக்காக மட்டும் தரப்பட்டதாக இருக்கக் கூடாது. குடியுரிமை வேண்டும் என்று விதி கேட்கவில்லை. வேலை விசாவில் வந்து மூன்று ஆண்டுகளைக் கடந்தவர் தகுதி பெறலாம். மாணவர் விசாவில் இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் பெற முடியாது. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தும் துபாயில் குடியேறி வாழ்ந்துவிட்டுச் சென்ற மாதம் திரும்பியவர், மூன்றாண்டுக் கணக்கில் தோற்கக்கூடும். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துத் தன் தகுதியைத் தானே முடிவு செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

‘வழமையாக வசித்தல்’ என்பதற்குச் சட்டம் கொண்டிருக்கும் பொருள் ஒரு கல்வி வழக்கிலேயே பிறந்தது. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் மாணவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டியிருந்தது. அதற்கும் மூன்றாண்டு வசிப்பே நிபந்தனை. படிக்க வந்தவர்கள் இங்கே வசிப்பவர்களாக மாட்டார்கள் என்று பார்னெட், பிரென்ட், ஷ்ரொப்ஷயர் மன்றங்கள் கைவிரித்தன. ஐந்து மாணவர்களின் வழக்குகள், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை சென்றன. 1982 டிசம்பரில் வந்த தீர்ப்பில் ஸ்கார்மன் பிரபு மாணவர்கள் பக்கம் நின்றார். ஒருவர் தன் விருப்பத்தோடு, ஏதோ ஒரு நிலையான நோக்கத்துக்காக, தன் அன்றாட வாழ்வின் ஒழுங்காக ஓர் இடத்தில் தங்கியிருந்தால் அது வழமையான வசிப்பு. கல்வியும் அப்படியொரு நோக்கமே. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் தேவையில்லை என்பது அதன் சாரம். சட்டத்துக்குப் புறம்பான தங்கல் மட்டும் கணக்கில் சேராது. ஷா எதிர் பார்னெட் என்று சுருக்கமாக அறியப்படும் இத்தீர்ப்பு, வசிப்பிடம் பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அரசு அதை ரசிக்கவில்லை. முழுநேரக் கல்விக்காகவே தங்கியிருந்த காலம் உதவித்தொகைக்குக் கணக்கில் வராது என்று விதிகளை விரைவிலேயே திருத்திக்கொண்டது. மாணவர் விசாவைத் தள்ளிவைக்கும் இன்றைய விதியும் அதே வழியில் போவதுதான்.

விடுமுறைக்கோ, வேலை நிமித்தமோ, படிப்புக்கோ தற்காலிகமாக வெளிநாடு போய் வந்தால் வசிப்பு அறுபடாது. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்றவர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாண்டு காத்திருக்க வேண்டாதவர்கள்

அகதி நிலை பெற்றவர்களுக்கும் மனிதாபிமானப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் மூன்றாண்டுக் கணக்கு இல்லை. உக்ரைன், ஆப்கானிஸ்தான் திட்டங்களின் கீழ் வந்தவர்களுக்கும் அதே சலுகை உண்டு. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்கள் தேசிய விதிப்படி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உள்துறை அமைச்சு முடிவு சொல்லாவிட்டால் ஏழாம் மாதத்திலிருந்து சேரலாம்.

ஐரோப்பிய நாட்டினருக்குத் தனி வழி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் நிலைபெற்ற அல்லது முன்-நிலைபெற்ற தகுதி வாங்கியிருந்தால், மூன்று ஆண்டுகளை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ சுவிட்சர்லாந்திலோ கழித்திருந்தாலும் கணக்கில் சேரும். ஈழத்திலிருந்து பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் போய், அங்கே குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய கணக்கு இந்த வழியில்தான் பார்க்கப்படும். இத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பொதுவான கடைசி நாள் 2021 ஜூன் 30.

வாழ்க்கைத் துணை விசாவில் வருபவர்களின் நிலைதான் கேலிக்குரியது. யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கல்யாணமாகி வரும் பெண், விசாவை நீட்டிக்க இரண்டரை ஆண்டு அளவில் ஆங்கிலத்தில் அடுத்த படித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். அந்த ஆங்கிலத்தைக் கற்றுத்தரும் ஈசோல் வகுப்புக்கு அரசு பணம் தருவதோ, தேசிய விதிப்படி, மூன்று ஆண்டு கழித்துத்தான். ஓர் அமைச்சு பரீட்சை வைக்கிறது. பரீட்சை முடிந்த பிறகு இன்னோர் அமைச்சு பாடம் நடத்த முன்வருகிறது. மேயர் ஆட்சிப் பகுதிகள் விதிகளைத் தளர்த்த முடியும் என்பதால், தங்கள் பகுதி விதியைப் பார்க்காமல் இந்தப் பெண்கள் திரும்பிவிடக் கூடாது.

இன்னொரு தவறான அச்சமும் பரவியிருக்கிறது. விசாவில் ‘பொது நிதி உதவி பெறக் கூடாது’ என்று நிபந்தனை இருப்பவர்கள் இலவச வகுப்பில் சேர்ந்தால் விசா பறிபோகும் என்று நினைக்கிறார்கள். குடிவரவு விதிகளில் பொது நிதி என்பது குறிப்பிட்ட மானியங்களையும் வீட்டு வசதியையும் குறிக்கும்; கல்வி நிதி அந்தப் பட்டியலில் இல்லை. விசா முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருப்பவரின் பழைய அனுமதியும், 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, முடிவு வரும்வரை தொடர்கிறது.

மேசையில் கேட்கப்படும் சான்றுகள்

அட்டை வடிவில் இருந்த வதிவிட அனுமதிகள் 2024 டிசம்பர் 31 என்ற தேதியோடு வழக்கொழிந்து, இப்போது இணையவழி விசா நடைமுறையில் இருக்கிறது. சேருபவர் தன் அரசுக் கணக்கில் நுழைந்து ‘பகிர்வுக் குறியீடு’ ஒன்றை எடுத்துக் கல்லூரியிடம் தர வேண்டும். அது 90 நாள் செல்லும். வேலைக்கு எடுத்த குறியீடு ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும். வீடு வாடகைக்கு எடுக்க ‘ஆர்’. மற்றத் தேவைகளுக்கு ‘எஸ்’. கல்லூரிக்கு வேண்டியது ‘எஸ்’. முதலாளிக்குக் கொடுத்த பழைய குறியீட்டையே கொண்டுவந்து நீட்டுபவரின் விவரம் கல்லூரியின் திரையில் திறக்காது. வீட்டுக்குப் போகாமல் கைபேசியிலேயே புதிது எடுத்துவிடலாம். தஞ்சம் கோரியவர்கள் தங்கள் பதிவு அட்டையைக் காட்டுவார்கள்.

விசா அனுமதியைக் காட்டும். மூன்று ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்டாது. தானியங்கி வாயில் வழியாக வந்தவரின் கடவுச்சீட்டில் முத்திரையும் இருக்காது. அதனால் கவுன்சில் வரிச் சீட்டு, வங்கி அறிக்கை, மின்கட்டணச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு என்று கேட்பார்கள். கூட்டுக் குடும்பமாக வாழும் வீடுகளில் எல்லாச் சீட்டும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். மருமகளின் பெயரில் ஒரு கடிதம்கூட வராது. அவர்களுக்குக் கைகொடுப்பது குடும்ப வைத்தியரிடம் பதிந்த கடிதமும், பிள்ளையின் பள்ளியிலிருந்து தாயின் பெயருக்கு வரும் கடிதமும்தான். தகப்பன் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வருவது தமிழர்களுக்கே உரிய இன்னொரு தலைவலி. திருமணச் சான்றிதழையும் கையில் வைத்திருந்தால் பல கேள்விகள் அங்கேயே அடங்கும்.

வருமானமும் முன்படிப்பும்

வசிப்பில் தேறியவர்களில் சிலருக்குச் சட்டப்படி இலவச உரிமை உண்டு. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. 4ஆம் தரத்தை எட்டாதவர்கள் அவற்றைத் தேசியத் தகுதி வரிசையின் இரண்டாம் நிலை வரை இலவசமாகப் படிக்கலாம், வருமானம் பார்ப்பதில்லை. அடிப்படை டிஜிட்டல் திறன் படிப்புக்கும் இந்த உரிமை 2020இல் வந்தது. 19 முதல் 23 வயது வரையுள்ளவர்களுக்கு முதல் முழு இரண்டாம் நிலை, முதல் முழு மூன்றாம் நிலைத் தகுதிகள் இலவசம்.

ஈசோல் அந்த உரிமைப் பட்டியலில் இல்லை. 2007 வரை பொதுவாக இலவசமாக இருந்த அந்த வகுப்புகளுக்கு அந்த ஆண்டு முதல் கட்டணம் வந்தது. இப்போது வேலையற்றவர்களுக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் இலவசம். மற்றவர்களுக்கு அரசு பாதி, அவர்கள் பாதி. குறைந்த சம்பளத்தின் தேசிய வரம்பு 2024–25இல் ஆண்டுக்கு 25,000 பவுண்டு. லண்டனில் லண்டன் வாழ்வூதியமே அளவுகோல். சான்றாகப் படிப்பு தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்குள்ளான சம்பளச் சீட்டு, அதே கால அளவுக்குள்ளான யுனிவர்சல் கிரெடிட் மானிய அறிக்கை, அல்லது சம்பளம் குறிப்பிட்ட நடப்பு வேலை ஒப்பந்தம் ஏற்கப்படும். ‘கையில் காசு’ வேலை செய்பவர் இங்கே மாட்டிக்கொள்வார்: உண்மையிலேயே குறைந்த சம்பளம், ஆனால் காட்டச் சீட்டில்லை.

மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் இலவசம் கிடைக்காத படிப்புகளுக்கு மேம்பட்ட கற்போர் கடன் இருக்கிறது. 2013இல் 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தொடங்கி, 2016இல் 19 வயதிலிருந்தே என்று விரிந்தது. வருமானம் பார்ப்பதில்லை; வசிப்பு பார்க்கப்படும். பல்கலைக்கழக நுழைவுக்கான ‘அக்சஸ்’ படிப்புக்கு எடுத்த கடன், பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகும்.

கல்லூரி ஏன் இறுக்கிப் பிடிக்கிறது

ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனியாள் கற்றல் பதிவேட்டில் ஏறுகிறது. அதைக் கொண்டுதான் பணம் கணக்கிடப்படுகிறது. தணிக்கையில் தகுதிக்கான சான்று கோப்பில் இல்லையென்றால், பாடம் நடத்தி முடித்த பிறகும் பணத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் சேர்க்கை மேசைகள் விதி கேட்பதைவிட ஒரு காகிதம் கூடுதலாகக் கேட்கின்றன. ஐயம் வந்தால் மறுப்பதே பாதுகாப்பு என்று நினைக்கின்றன. கல்லூரியின் பயம் நியாயமானது. அதன் விலையைக் கொடுப்பவர், விதிப்படி தகுதி இருந்தும் திரும்பிப் போகும் மாணவர்.

தகுதி பார்க்கப்படுவது படிப்பின் முதல் நாளன்று. அன்று தகுதியுள்ளவருக்கு அந்தப் படிப்பு முடியும்வரை நிதி தொடரும். நடுவில் வேலை கிடைத்தாலும் சம்பளம் கூடினாலும் பறிபோகாது. அன்று தகுதியில்லாதவர் இரண்டு வாரம் கழித்து மூன்றாண்டை எட்டினாலும் அந்தப் படிப்புக்குப் பயனில்லை. ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்கும் அடுத்த வகுப்பில் சேர்வதே வழி. மறுக்கப்பட்டவர் எந்த விதியின் கீழ் மறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தேசிய விதிநூலும் மேயர் ஆட்சிப் பகுதிகளின் விதிநூல்களும் ஆண்டுதோறும் இணையத்தில் வெளியாகின்றன. அவற்றை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.