எலும்பு வாசிக்கத் தெரிந்த துறைகள்

மனித உரிமை எண்டதும் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது சட்டத்தரணியும் ஜெனீவாவும்தான். அது சட்டம் படிக்கிற ஆக்களின்ர பாடம் என்று மற்றத் துறைக்காரர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் மனித உரிமை பற்றிய ஆய்வில் வேறு பல துறைகளுக்கும் பங்கு இருக்கிறது. அதில் மானிடவியலின் கதை கொஞ்சம் விசித்திரமானது. தொடக்கத்தில் அது சந்தேகத்தோடு தள்ளி நின்ற துறை.

1947 இல் ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தது. அப்போது அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு ஓர் அறிக்கை அனுப்பியது. அதை வரைந்தவர் மெல்வில் ஹேர்ஸ்கோவிட்ஸ். மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கட விழுமியங்களை எழுதிவைத்துவிட்டு, இது உலகத்துச் சனம் எல்லாருக்கும் பொது என்று சொல்லலாமா என்பதுதான் அதன் கேள்வி. ஆபிரிக்காவின் பெரும்பகுதி அப்போதும் காலனியாட்சியின் கீழ் இருந்தது. ஆகவே கேள்வியில் நியாயம் இருந்தது. 1948 டிசம்பர் 10 இல் பிரகடனம் நிறைவேறியது. அதன்பிறகும் அந்தத் துறை நீண்ட காலம் பெரும்பாலும் விலகியே நின்றது.

அந்த விலகல் குறைந்த இடங்களில் ஒன்று ஆர்ஜென்டீனாவின் மயானங்கள்.

அங்கே 1976 தொடக்கம் 1983 வரை இராணுவ ஆட்சி. ஆட்சி மாறியதும் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என 8,961 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை 30,000. பெயரில்லாத புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். ஆனால் தோண்டிய விதம் பிழை. புல்டோசர் போட்டுக் கிளறினால் எலும்பு உடையும், ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலக்கும். பிறகு யாருடையது எண்டு ஆர் சொல்லுறது?

1984 இல் அமெரிக்காவிலிருந்து விஞ்ஞானிகள் குழு ஒன்று வந்தது. அதில் இருந்தவர் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ. அவரோடு குழிக்குள் இறங்கியவர்கள் மானிடவியல், தொல்லியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெடியளும் பெட்டையளும். பழைய நகரத்தைத் தோண்டுவதுபோல மண்ணைப் படை படையாக எடுத்தார்கள். எது எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்று குறித்தார்கள். அவர்கள்தான் பின்னர் ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவானார்கள். 1985 இல் இராணுவத் தலைவர்கள் மீதான வழக்கில் ஸ்னோ சாட்சி சொன்னார். மண்டையோட்டுக் காயம் நீதிமன்றத்தில் சான்றாகியது.

அதே காலத்தில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் இன்னொரு கேள்வி கேட்டார்கள். தாயும் தகப்பனும் இல்லாதபோது, எங்கட இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காணலாமா? மரபியலாளர் மேரி கிளெயார் கிங் அதற்கான கணிப்பு முறைகளில் வேலை செய்தார். 1987 இல் தேசிய மரபணுத் தரவு வங்கிக்குச் சட்டம் வந்தது. இதுவரை 130 இற்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் உண்மையான அடையாளம் தெரியவந்திருக்கிறது.

1999 இல் அதே அமெரிக்க மானிடவியல் சங்கம் மனித உரிமைகளை ஆதரிக்கும் பிரகடனத்தை ஏற்றது. 1947 இன் கேள்வி அதனால் செத்துவிடவில்லை. உரிமையின் பெயரால் ஒரு பண்பாட்டை மற்றது அடக்கலாமா என்று இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 'என்ர பிள்ளை எங்க?' என்ற கேள்வி எந்தப் பண்பாட்டிலும் விளங்கும்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. செம்மணியில் 1999 இல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தியில் மீண்டும் மண் தோண்டப்பட்டபோது சட்ட மருத்துவ அதிகாரியோடு தொல்லியல் பேராசிரியரும் நின்றார். சிறுவர் எலும்புகளும் ஒரு புத்தகப்பையும் வெளியே வந்தன. அந்தப் பையின் வயதைச் சொல்ல, எலும்பின் உறவைச் சொல்ல, சட்டம் மட்டும் போதாது.

ஏ.எல் முடித்துவிட்டு 'இதைப் படிச்சு என்ன செய்யிறது' என்று யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். தொல்லியலுக்கும் மரபியலுக்கும் புள்ளிவிபரவியலுக்கும் இங்கே வேலை கிடக்கிறது. 1984 இல் குழிக்குள் இறங்கிய அந்தப் பிள்ளைகளில் பலர் அப்போது பட்டம்கூட முடித்திருக்கவில்லை.