சுழியத்தின் பொருள்: நாஞ்சில் நாட்டுக் குளங்களும் ஒரு வினாவும்

சந்தையில் விலைபோகாத ஒன்றை மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அளக்க, ‘இந்தக் குளத்தைப் பாதுகாக்க ஆண்டுக்கு எவ்வளவு தொகை தர விரும்புகிறீர்கள்?’ என்ற வாய்பாட்டில் கேட்பது நம் கள ஆய்வுகளில் பழகிப்போன ஒன்று. ‘ஒன்றும் தரமாட்டேன்’ என்பவரை ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் கையாள்கிறார்கள். குளத்தை மதிக்காதவர் என்று கொண்டு சராசரியில் சேர்ப்பார்கள். அல்லது ‘எதிர்ப்பு விடை’ என்று பெயரிட்டுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பொறுத்தவரை இரண்டுமே பிழையான வாசிப்பு என்று கருதுகிறேன். அந்தச் சுழியத்தில் ஒரு பங்கை வினாவின் தமிழே உண்டாக்குகிறது. இன்னொரு பங்கு உரிமைக் கூற்று.

வினாவைச் சொல் சொல்லாகப் பார்க்கலாம். ‘விரும்புகிறீர்கள்’ என்பது இவ்வினாவின் ஆங்கில மூலத்தில் இசைவைக் குறிக்கும் சொல்லுக்கு நாம் இட்ட பெயர்ப்பு. தமிழில் விருப்பம் வேறு, சம்மதம் வேறு. கரண்டுக் கட்டணம் செலுத்த எவருக்கும் விருப்பம் இருப்பதில்லை. ஆனாலும் சம்மதித்துச் செலுத்துகிறோம். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று ஓர் உழவர் சொன்னால் அவர் வினாவுக்கு நேர்மையாகவே விடை தந்திருக்கிறார். நாம் கேட்க நினைத்தது அதுவல்ல என்பது நம் குறை.

அடுத்தது ‘தர’ என்ற வினை. பணம் கைமாறும் ஒவ்வொரு வழிக்கும் தமிழில் தனி வினை உண்டு. வரியைக் கட்டுகிறோம், நன்கொடையைக் கொடுக்கிறோம், காணிக்கையைச் செலுத்துகிறோம், கோயில் கொடைக்கு ஊரில் வரி பிரிக்கிறோம். கேட்பவரின் நிலைக்கு ஏற்ப ஈ, தா, கொடு என்னும் மூன்றும் வேறுபடும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே வகுத்துவிட்டது. ஆக, கேட்கும் வினையே கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் ஓர் உறவில் நிறுத்துகிறது. கட்டுவதா, கொடுப்பதா என்பது தெளிவாகாத நிலையில் தொகையைச் சொல் என்றால், சுழியம்தான் பாதுகாப்பான விடை.

இந்த வினா தேரூர்க் குளத்தடியில் கன்னிப்பூப் பருவ நெல் நடவுக்குத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் ஒருவரிடம் போய்ச் சேர்வதை எண்ணிப் பாருங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநில வளாகமும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலகத்துக்கு அவை நீர்ப்பறவைகளின் தங்குமிடம். அவருக்கோ மடையும் வாய்க்காலும் தம் வயலும். அந்த நீரில் தமக்குப் பங்கு உண்டு என்று தலைமுறைகளாக நம்பிவரும் குடும்பம் அவருடையது. தம்முடைய ஒன்றைக் காக்கத் தாமே விலை சொல்லவேண்டும் என்பது அவருக்குப் புரியாத கோரிக்கை. ‘நான் எதுக்குக் குடுக்கணும்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், அதுவே அந்த நேர்காணலின் முதன்மையான தரவு.

இதைக் கோட்பாடும் தாங்குகிறது. கானெமன், நெட்ச், தேலர் என்னும் ஆய்வாளர் மூவரும் 1990இல் வெளியிட்ட குவளைச் சோதனையில், குவளையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அளவை மாற்றிவிடுகிறது. குளத்துப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரரை வாங்க வந்தவராக நிறுத்தும் வினா, அளக்கத் தொடங்கும் முன்பே அவருடைய உரிமையை மறுத்துவிடுகிறது. சந்தையில் விற்கும் மட்டி வாழைப்பழத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாகர்கோவில் கடையில் மட்டிக்கும் ஏத்தனுக்கும் இடையே தேர்பவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். பண்புகளையும் விலையையும் கலந்து தேரச் சொல்லும் சந்தை ஆய்வு முறை அங்கே நன்றாகவே பொருந்தும்.

குளத்துக்குப் பொருந்தும் வடிவம் ஊரிலேயே இருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும்போது ‘உனக்கு எவ்வளவு விருப்பம்?’ என்று எவரும் கேட்பதில்லை. தொகையை ஊர் முன்வைக்கும். சம்மதமா இல்லையா என்பதே பேச்சு. எக்சான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவை (1989) அடுத்து, இத்தகைய வினா முறையை ஆராயப் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமையேற்ற அமெரிக்க அறிஞர் குழு 1993இல் பரிந்துரைத்ததும் இதற்கு நெருங்கியதே: தொகையைச் சொல்லி ஆம், இல்லை என்று வாக்குக் கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள். அந்த ‘ஏன்’ நம் வினாத்தாள்களில் ஒற்றை வரிக் கட்டமாகச் சுருங்கிவிட்டது.

பணத்துக்குப் பதிலாக உழைப்பு நாட்களில் கேட்டால் என்ன என்பதையும் சோதிக்கவேண்டும். இதற்கு, நீர்நிலைகளை ஊராரே உழைத்துப் பராமரிக்கும் குடிமராமத்து மரபைத் துணைக்கு அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. அதைச் சட்டமாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு உரியது. நாஞ்சில் நாடோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சிப் பரப்பில் இருந்தது. இங்கு நிலவிய வழக்கத்தைத் தனியே ஆராய்ந்த பிறகே முடிவு சொல்லலாம்.

சம்மதம் கேட்டால் எல்லாரும் ‘ஆம்’ என்று சொல்லித் தொகை வீங்கிவிடும் என்பார்கள். வீக்கத்தைத் திருத்த வழிகள் உண்டு. நீக்கப்பட்ட விடையை மீட்க வழியில்லை. மக்கள் சொல்வதை விட்டுச் செய்வதை மட்டும் பார்க்கலாம் என்பதும் இங்கே உதவாது. பயணச் செலவைக் கணக்கிட்டால் பறவை பார்க்க வந்தவரின் மதிப்பு தெரியும். குளத்தடியிலேயே வாழ்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எல்லாச் சுழியமும் உரிமைக் குரல் என்று நான் வாதிடவில்லை. உண்மையிலேயே அக்கறையற்றவரும் உண்டு, வழியற்றவரும் உண்டு. இவர்களைப் பிரித்தறியாமல் குளத்துக்கு ஒரு ரூபாய் மதிப்பை அறிவிப்பதைத்தான் மறுக்கிறேன். அந்த எண் நாளை சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் எதிரே தட்டில் வைத்து நிறுக்கப்படும். நாஞ்சில் நாட்டில் களம் இறங்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: வினாத்தாளை முதலில் தமிழில் எழுதுங்கள். மறுத்தவரின் காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவுசெய்து, அட்டவணைக்குள் அதற்கும் இடம் கொடுங்கள்.